ட்ரையல் மேடம் எம்.பி.ஏ. படிக்கலாமா?

புதுச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு அம்மணி ஒருவர் செருப்புக் கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். வெறுங்கையோடு அல்ல. வீட்டிலிருந்து கொண்டு வந்த பைக்குள் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய கனமான பூட்ஸ் ஜோடிகளைப் போட்டு, அதைத் தோளில் தொங்கவிட்டிருக்கிறார். "தினம் இதைப் போட்டுக்கிட்டு நான் கைய வீசிக்கிட்டா நடக்கப்போறேன்? சுமையோடதானே நடப்பேன்? இப்பவே பாத்துடணும்" என்கிறார். கடைப் பையன்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். வாசலோரம் சாக்ஸ் அடுக்கியிருக்கும் இடத்தில் ஒருவர், அவற்றை வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பார்ப்பவர்போல, வெகு அக்கறையாகப் புரட்டிக்கொண்டு நிற்கிறார். அவர்தான் கணவர்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் பிரிவுக்குப் பொறுப்பு அம்மணிக்கு. நாற்பதைத் தாண்டியாயிற்று. டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தவர்; டிகிரியைப் பிற்பாடு தபாலில் முடித்தார். சேர்ந்த புதிதில் அவரை லிஃப்ட் குழிக்குள் இறக்கவே யோசித்தார்கள். இன்றைக்கு அவர் கையெழுத்து விழாமல் அந்த ஊரின் பாதிக் கட்டடங்களில் கதவு திறக்காது. புது லிஃப்ட் ஒன்றை ஓட்டிப் பார்க்கும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். இரும்புக் கட்டிகளை அள்ளி உள்ளே ஏற்றச் சொல்வார். தாங்க வேண்டிய எடைக்கும் மேலே ஏற்றச் சொல்வார். மேலும் கீழும் ஓட விட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று காதால் கேட்பார். கட்டட முதலாளிகள் கையைப் பிசைவார்கள். "முதல்ல இரும்பு போகட்டும் சார், அப்புறம் மனுஷன் போகலாம்" என்பார். மெக்கானிக்குகள் வைத்த பெயர் ட்ரையல் மேடம். அது அவர் காதுக்கும் வந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், பெயர் சரிதானா என்று ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

வேலைப் புத்தி வேலையோடு நின்றால் தேவலை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கொட்டுகிற மழையில்தான் போவார். உள்ளே போனதும் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையை ஹோட்டலுக்கோ பூங்காவுக்கோ வரச் சொல்லவில்லை. மின்சார ஆபீஸ் வரிசையில் தனக்குத் துணையாக நிற்கச் சொன்னார். வெயில், கூட்டம், இடையில் புகுந்த ஆசாமி, மூடிய ஜன்னல் எல்லாவற்றையும் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தாங்கினார். "நான் பாஸான ஆளுங்க, சும்மா வந்து சேந்தவன் இல்ல" என்று இன்றைக்கும் தன் கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். மனைவியைப் பற்றிப் பேச யாராவது கிடைத்துவிட்டால் போதும், கண் பரிசோதனை அரை மணி நேரம் நீளும்.

இப்படிப்பட்டவருக்குத்தான் எம்.பி.ஏ. என்ற யோசனை வந்து சேர்ந்தது. கம்பெனியில் மண்டலப் பொறுப்பு ஒன்று காலியாக இருந்தது. மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னார்: "உங்களை விட்டா ஆள் இல்லம்மா. ஆனா மேல இருக்கறவங்க அந்தப் பட்டத்தைக் கேக்கறாங்க. சேந்திருக்கீங்கன்னு ஆனாக்கூடப் போதும், நான் பேசிடுவேன்." சனி, ஞாயிறில் வகுப்பு. இரண்டு வருடம். கட்ட வேண்டிய தொகையைக் கேட்டால் தலை சுற்றும். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம்.

பதவி ஆசை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. இருந்தது. யாருக்கு இல்லை? ஆனால் அதற்குப் பின்னால் வேறொரு முள் குத்திக்கொண்டிருந்தது. லிஃப்டைத் தாங்கும் கம்பிக் கயிறுகளை இத்தனை வருடத்துக்கு ஒரு தடவை என்று கெடு வைத்து மாற்றுவது அவர் பிரிவின் பழக்கம். கணக்குப் பிரிவில் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, கெடு வேண்டாம், லிஃப்ட் எவ்வளவு ஓடுகிறதோ அதை வைத்து மாற்றினால் போதும் என்று திரையில் கோடு கோடாகப் படம் காட்டினார். நடுவில் புரியாத வார்த்தைகள் நாலைந்து. மற்றவர்கள் தலையாட்டினார்கள். இவரும் ஆட்டினார். அதுதான் பொறுக்கவில்லை. "எதிர்த்துப் பேசித் தோத்திருந்தாக்கூடப் பரவாயில்லங்க. புரியாம தலையாட்டிட்டு வந்தேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் பத்திக்கிட்டு வருது" என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளினார். அந்தக் கணக்கு ஆசாமியை 'கோட்டுப்படம்' என்று பெயர் வைத்துத் திட்டுவது சாப்பாட்டு நேரத்து வழக்கமாயிற்று.

யோசனை கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. தம்பி போனில் சிரித்தான்: "ஏன்க்கா, உனக்கும் உன் பொண்ணுக்கும் ஒரே நேரத்துல பரீட்சையா? வேற வேலை இல்லையா உனக்கு?" உடன் வேலை செய்யும் ஒருத்தி, பட்டம் வாங்கினால் மரியாதை தானாக வரும் என்றாள். இன்னொருத்தி, தான் வாங்கிவிட்டுப் பத்து வருடமாகக் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். கடைசியில் கணவரிடம் வந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்மா."

"உன் இஷ்டம்னு சொல்றவங்கல்லாம் நைசா நழுவுறவங்க."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. நழுவத்தான் பார்த்தார். அவர் மனசு, போகட்டும், போய்ப் படிக்கட்டும், நம் வீட்டில் ஒருத்தி பெரிய பெரிய கூட்டத்தில் எழுந்து பேசட்டும் என்று துள்ளிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சமையலறைப் பக்கம் நினைத்தால் கால் பின்வாங்கியது.

மேடம் முடிவு செய்யவில்லை. ட்ரையல் வைத்தார்.

கடையில் இடம் போதாமல் ஃப்ரேம் பெட்டிகள் அடைத்து வைத்திருந்த வீட்டு முன்னறையை ஒழித்து, நடுவில் ஒரு மேஜை போட்டார். எம்.பி.ஏ. முடித்துவிட்டு வீடு விற்கும் வேலை பார்க்கும் பழைய சிநேகிதி ஒருத்தியிடம் முதல் வருடப் புத்தகங்களை இரவல் வாங்கினார். பிறகு வீட்டாரைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். ஒரு மாதத்துக்குச் சனி, ஞாயிறு காலையில் அவர் 'காலேஜ்' போவார். அதாவது அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாயங்காலம் வரை வீட்டில் இல்லை. யாரும் கதவைத் தட்டக்கூடாது, எதுவும் கேட்கக்கூடாது. சாப்பாடு டப்பாவில். வீடு தாங்குகிறதா, தான் தாங்குகிறோமா என்று பார்க்க வேண்டும்.

"பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு இல்லைன்னா எப்படிம்மா?" என்றாள் மகள்.

"நெஜமா போன பிறகு வீடு கவுந்தா யார் நிமித்தறது? பக்கத்துலயே இருந்து பாத்துக்கறதுதான் புத்திசாலித்தனம்."

முதல் சனிக்கிழமை மேடம் தலை வாரி, ஆபீஸ் உடை உடுத்தி, பையில் டப்பாவை வைத்துக்கொண்டு, புதுச் செருப்பையும் போட்டுக்கொண்டு, கூடத்திலிருந்து முன்னறைக்குப் புறப்பட்டார். "போயிட்டு வரேன்" என்றார். அப்பாவும் மகளும் கை காட்டினார்கள். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்காரர் கடையை உதவியாளரிடம் விட்டிருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, துணி துவைக்கும் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போயிற்று.

முன்னறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பால்."

மகள் கதவருகே போய் நின்றாள். "அம்மா, நீ காலேஜ்ல இருக்க."

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. பால் பொங்கி, அடுப்பில் வழிந்து, தீய்ந்து, வீடெல்லாம் நாறியது. கதவு திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. சாயங்காலம் 'வீடு திரும்பியதும்' முதல் வேலையாக அடுப்பைத் தேய்த்தார். "வீடு தாங்கிடுச்சு. நான்தான் தாங்கல. பாடம் ஒண்ணுகூட மண்டைல ஏறல, உங்க ரெண்டு பேர் காலடிச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் கொஞ்சம் முன்னேற்றம். பாலும் பொங்கவில்லை, குரலும் வரவில்லை. ஆனால் மாடி வீட்டு அம்மாள் வந்துவிட்டாள்.

"அக்கா இல்லையா அண்ணா?"

கண்ணாடிக்காரர் விதியை நினைத்துக்கொண்டார். "இல்லம்மா, காலேஜ் போயிருக்கா. எம்.பி.ஏ."

அந்த 'எம்.பி.ஏ.' தேவையே இல்லை. ஆனால் சொல்லும்போது வாய் இனித்ததே, என்ன செய்வது? சரியாக அந்த நேரத்தில் முன்னறைக்குள் ஒரு தும்மல். ஃப்ரேம் பெட்டித் தூசி. மாடி வீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் சட்டென்று தானும் ஒரு தும்மல் போட்டார். அது போதாதோ என்று இன்னொன்றும் போட்டார். "ஜலதோஷம் போல, பாத்துக்கங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள். மகள் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

தும்மல் அங்கேயே முடிந்தது. எம்.பி.ஏ. முடியவில்லை. மாடி வீட்டு அம்மாளின் அண்ணன் வேலை பார்ப்பது ஒரு பெரிய கட்டடத்தின் பராமரிப்பு ஆபீஸில். அங்கே ஓடுவது மேடத்தின் கம்பெனி லிஃப்ட். திங்கட்கிழமை மெக்கானிக் ஒருவர் அங்கே போக, விஷயம் அவரோடு ஆபீசுக்கு வந்து, மதியத்துக்குள் மேடத்தின் மேஜையில் ஒரு கேக் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மேலதிகாரி அறைக்குள் கூப்பிட்டார்.

"சேந்துட்டீங்களாமே! எங்கிட்டக்கூட மூச்சு விடலையே? ரொம்ப சந்தோஷம். இன்னிக்கே மேல பேசிடறேன்."

"இல்ல சார். இன்னும் சேரல."

"சேரலையா? காலேஜ் போயிருக்கீங்கன்னு வீட்டுலயே சொன்னாங்களாமே?"

"வீட்டுலதான் சார் இருந்தேன். காலேஜ் போயிருக்கறதா வெச்சுக்கிட்டோம்."

அந்த மனிதர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "சரி. சேந்துட்டதாவே நாமளும் வெச்சுக்குவோமே. இந்த வாரம் பணம் கட்டிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"ட்ரையல் இன்னும் முடியல சார். பாதியில நிக்குது. போன வாரம் வரைக்கும் நான் ஃபெயில்."

"இந்த வாரமே பேர் கேக்கறாங்கம்மா."

"அப்போ வேற பேர் குடுத்துடுங்க சார்."

அன்று சாயங்காலம் பாதிக் கேக்கோடு வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன் வாய்க்கொழுப்பால் வந்த வினை என்று கண்ணாடிக்காரருக்கு ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. அடிப்பாவி, ஒரு தடவை தலையாட்டியிருந்தால் நாற்காலி உன்னுடையதாயிற்றே என்று இன்னொரு பக்கம். ஆனால் கேக்கைத் தட்டில் வைத்து மகளுக்கு நீட்டிய அந்த முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் அதில் ஒரு சங்கடம், ஒரு கூச்சம் இருக்க வேண்டுமே? இல்லை. ஓட்டிப் பார்க்காத லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடாதவர், தனக்கு மட்டும் எப்படிப் போட்டுக்கொள்வார்? கண்ணாடிக்காரருக்கு மார்பு விம்மியது. மறுநாள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் எழுத்துப் பலகையில் மேல் வரியையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிவிட்டு இந்தக் கதையைச் சொன்னார்.

பதவி வேறு கிளையிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்குப் போயிற்று. நல்ல பையன் வேறு. திட்டி மனசை ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை. தம்பி போனில், "அப்பாடா, தொல்லை விட்டது. இனிமே எதுக்குக்கா படிப்பு?" என்றான். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். மறு சனிக்கிழமை மேடம் தலை வாரி, டப்பாவை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் புறப்பட்டபோது மகளே திகைத்துப்போனாள்.

"அம்மா, போஸ்ட்தான் போயிடுச்சே?"

"போஸ்ட் போனா என்ன? ட்ரையல் பாக்கி இருக்கே."

அந்த வாரமும், கடைசி வாரத்துச் சனிக்கிழமையும் வீட்டில் எதுவும் கவிழவில்லை. சோறு கொஞ்சம் குழைந்தது, அவ்வளவுதான். மறுநாள் ஞாயிறு, அப்பாவும் மகளும் சாப்பிட உட்கார்ந்த நேரம், முன்னறைக் கதவு படாரென்று திறந்தது. தன் உத்தரவைத் தானே மீறிக்கொண்டு மேடம் கூடத்துக்கு வந்தார். தலையெல்லாம் கலைந்திருந்தது.

"என்னங்க! கோட்டுப்படம் சொன்னது பாதி சரிங்க!"

"யாரு?"

"அதாங்க, கயிறு! அந்த ஆளு!" மேஜை மேல் இருந்த ஸ்பூன்களைப் பறித்து வரிசையாக வைத்தார். "இது ஆளே இல்லாத ஆபீஸ் கட்டடம். லிஃப்ட் ஓடறதே இல்ல. கயிறு புதுசாவே இருக்கு, நான் கெடு வந்துடுச்சுன்னு கழட்டி எறியறேன். அந்தப் பணம் சும்மா வீணாப் போகுதுங்க. அதைத்தான் அந்த ஆளு கோடு போட்டுக் காட்டினான். எனக்கு இப்பத்தான் படிக்கத் தெரிஞ்சுது. ஆனா இங்க பாருங்க." மகள் கையிலிருந்த ஸ்பூனையும் பிடுங்கினார். "இது ஆஸ்பத்திரி. ராப்பகலா ஓடுது. இங்க கெடுவுக்கு முன்னாலயே மாத்தணும். அப்புறம் பழைய கட்டடம், ஈரம் ஏறுற இடம். ஓடினாலும் ஓடலைன்னாலும் துரு பிடிக்கும். அதையெல்லாம் அவன் கணக்குல எடுக்கல. எடுக்கலன்னு எனக்குத் தெரியுது. அவங்க பாஷையில எப்படி எழுந்து சொல்றதுன்னுதான் தெரியல. நானா புரட்டிப் புரட்டி இந்த ஒரு பாடத்துக்கே தாவு தீந்துடுச்சு. சொல்லித்தர ஆள் வேணும்ங்க எனக்கு."

இத்தனை மாதம் வாய் நிறையத் திட்டிய ஆளைப் பாதி சரி என்று சொல்ல நேர்ந்ததில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்றால், அதுதான் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. தோற்றதற்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று கண்ணாடிக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போயிற்று.

"சேரலாம்னு தோணுது. அடுத்த தடவை போஸ்ட் வரும், வராமலும் போகும். அதுக்காக இல்ல. புரியாம இனிமே தலையாட்டக் கூடாது, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துக் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?"

உன் இஷ்டம் என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. கண்ணாடிக்காரர் அதை விழுங்கினார். "சேந்துடு. வீட்டை நாங்க பாத்துக்கறோம். பால் ஒண்ணும் பொங்காது. பொங்கினாலும் உனக்குக் கேக்காது, நீ அங்க தூரத்துல இருப்ப."

மறுநாள் ஆபீசில் மேடம் செய்த முதல் காரியம், கணக்குப் பிரிவுக்குப் போய் அந்த ஆசாமி முன்னால் நின்று, "நீங்க சொன்னது பாதி சரி" என்று சொன்னதுதான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்து எழுந்து நின்ற அந்த மனிதர், மறுபடியும் உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்றாம். "மீதிப் பாதிக்கு அப்புறம் வரேன்" என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வகுப்பு தொடங்கிய சனிக்கிழமை கணவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். கல்லூரி வாசலில் ஏகக் கூட்டம். பள்ளி முடித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கும் அன்றுதான் முதல் நாள். அம்மாக்களும் அப்பாக்களும் தண்ணீர் பாட்டிலும் பயமுமாக நெரிந்துகொண்டிருந்தார்கள். மேடம் கேட்டுக்குள் கால் வைத்ததும் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பேரண்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் பெஞ்சுல உக்காருங்கம்மா. படிக்கறவங்க மட்டும்தான் உள்ள."

"நான்தாங்க படிக்கறேன்."

வாட்ச்மேன் மேலும் கீழும் பார்த்தார். பிறகு நீட்டிய கை தானாக மடங்கி, பாதி சல்யூட்டாக நெற்றிக்குப் போயிற்று. "மன்னிச்சுக்கங்கம்மா. அப்போ இவரு?"

மேடம் திரும்பிக் கணவரைப் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார். "என்னைக் கொண்டாந்து விட வந்திருக்காரு. இவரை வேணா பெஞ்சுல உக்கார வைங்க" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளின் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விட்டார்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. ஆனாலும் கண்ணாடிக்காரர் அந்த பெஞ்சுக்குத்தான் போனார். ஓரத்தில் இருந்த ஓர் அம்மாள் சிநேகமாகக் கேட்டாள்: "உங்களுக்கு யாரு, பையனா பொண்ணா?"

"சம்சாரம்."

"என்னது?"

"எங்க வீட்டம்மாங்க. எம்.பி.ஏ. ஃபர்ஸ்ட் இயர்."

அந்த அம்மாள் அவரையும், உள்ளே போகிற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். கண்ணாடிக்காரர் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, பெற்றோர்களின் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.